பிரேக் போட்டா ஒரு பக்கமா இழுக்குதா? பழைய ஆம்னி வேன்களில் முன்பக்க சஸ்பென்ஷன், பிரேக் தேய்ந்தால் என்ன ஆகும்? முழு விவரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் சரக்கு இறக்கும் வேன், ஆவடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேன், பூந்தமல்லியில் கேட்டரிங் சாப்பாடு கொண்டு போகும் வேன். இந்த மூன்று இடத்திலும் இன்னும் கண்ணில் படும் ஒரு வண்டி மாருதி ஆம்னி. தமிழ் சினிமாவில் ஆள் கடத்தல் சீன் என்றாலே வந்து நிற்கும் அதே வண்டிதான்.

1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 1988-ல் ஆம்னி ஆனது. 2019-ல் புதிய பாதுகாப்பு விதிகள் வந்தபோது தயாரிப்பு நிறுத்தப்பட்டது. அதாவது இன்று சாலையில் ஓடும் ஆம்னிகளில் மிகப் புதியதே 2019 மாடல்தான். மற்றதெல்லாம் அதைவிடப் பழசு.

எஞ்சின் ஓடுகிறது, டயர் புதுசு, எஃப்.சி. கையில் இருக்கிறது. அப்புறம் என்ன கவலை? கவலை முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது. முன்பக்க சஸ்பென்ஷனும் பிரேக்கும் ஒரே நாளில் கெட்டுப் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தினமும் ஓட்டுபவருக்கு அது பழகிப் போய்விடும். அதுதான் ஆபத்து.

ஆம்னியில் மட்டும் ஏன் கூடுதல் கவனம்?

சாதாரண காரில் டிரைவருக்கு முன்னால் பானெட் இருக்கும். அதற்குள் எஞ்சின் இருக்கும். இடித்தால் முதலில் நசுங்குவது அந்தப் பகுதி. ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். டிரைவர் உட்கார்ந்திருப்பது கிட்டத்தட்ட முன் சக்கரத்துக்கு மேலே. அவருக்கும் எதிரே வரும் வண்டிக்கும் நடுவே ஒரு தகடும் கண்ணாடியும்தான். அதனால் இந்த வண்டியில் 'சரியான இடத்தில் நிற்பது' என்பதே முக்கியமான பாதுகாப்பு.

இரண்டாவது, எடை. பிரேக் அடித்தவுடன் எந்த வண்டியும் முன்னால் குனியும். அப்போது நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்தான் செய்கிறது. ஒரு குழந்தை 25 கிலோ, பை 4 கிலோ என்று வைத்துக்கொண்டால், 12 குழந்தைகளை ஏற்றினால் 350 கிலோ வந்துவிடும். இத்தனை பேருக்காகச் செய்யப்பட்ட வண்டி அல்ல அது. அந்த எடையை நிறுத்துவதும் அதே சின்ன பிரேக் பேடுகள்தான்.

சில மீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது?

ஒரு சின்ன கணக்கு. 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடும். குறுக்கே யாரோ வருவதைப் பார்த்து கால் பெடலுக்குப் போகவே ஒரு நொடி ஆகிவிடும். அதன் பிறகு நல்ல பிரேக் என்றால் சுமார் 9 மீட்டரில் வண்டி நிற்கும். தேய்ந்த பிரேக், செத்துப்போன ஷாக் அப்சார்பர் என்றால் 15 மீட்டர் வரை போகலாம்.

வித்தியாசம் 6 மீட்டர். ஆம்னியின் நீளமே சுமார் 3.4 மீட்டர்தான். அதாவது கிட்டத்தட்ட இரண்டு வண்டி நீளம் தள்ளிப் போய் நிற்கும். சி.டி.எச். ரோட்டில் முன்னால் போகும் பஸ் திடீரென நின்றால் இந்த இரண்டு வண்டி நீளம் கிடைக்காது.

சஸ்பென்ஷனுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

பலரும் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். 'பிரேக் புடிக்கல' என்றால் பேடு மாற்றுகிறார்கள். 'வண்டி குதிக்குது' என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டும்தான். வண்டியை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடி.

ஷாக் அப்சார்பர் வேலை செய்யாவிட்டால் மேடு பள்ளத்தில் டயர் துள்ளும். தரையை விட்டு எழும்பிய அந்தக் கணத்தில் எவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் பயனில்லை. அதேபோல லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தால், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னால் கொஞ்சம் நகரும். ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தால் ஸ்டியரிங் அந்தப் பக்கம் இழுக்கும். புது பேடு போட்டும் 'இன்னும் இழுக்குது சார்' என்று வண்டி திரும்பி வருவதற்கு இது ஒரு காரணம்.

முன் சக்கரத்துக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது?

ஸ்ட்ரட்: காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த நீளமான தூண். ஸ்பிரிங் எடையைத் தாங்கும். ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்கும்.

லோயர் ஆர்ம், புஷ்: சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை. அதன் முனையில் உள்ள ரப்பர்தான் புஷ்.

பால் ஜாயின்ட்: கிண்ணத்துக்குள் குண்டு சுழல்வது போன்ற மூட்டு. நம் தோள்பட்டை மாதிரி. சில வண்டிகளில் இது ஆர்மோடு சேர்ந்தே வரும்.

டை ராடு எண்ட்: ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மூட்டு.

டிஸ்க், கேலிப்பர், பேடு: ஆம்னியின் பிந்தைய மாடல்களில் முன்பக்கம் டிஸ்க் பிரேக், பின்பக்கம் டிரம் பிரேக். சக்கரத்தோடு சுற்றும் தட்டு டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்வுவது பேடு. கவ்வ வைப்பது கேலிப்பர்.

மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், பிரேக் ஆயில்: காலின் அழுத்தத்தை நான்கு சக்கரத்துக்கும் கொண்டுபோகும் வழி.

வீட்டு வாசலிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

1. அழுத்திப் பாருங்கள். வண்டியின் முன் மூலையைக் கையால் நன்றாக அழுத்திவிட்டு விடுங்கள். மேலே வந்து அப்படியே அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் அந்தப் பக்க ஷாக் அப்சார்பர் போய்விட்டது. ஸ்ட்ரட் மீது எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருந்தாலும் அதே அர்த்தம்தான்.

2. டயரைத் தடவிப் பாருங்கள். உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது, அல்லது ஏதோ மூட்டில் ஆட்டம் இருக்கிறது. டயர் சுற்றளவில் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படுங்கள்.

3. சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பிறகு, கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து ஆட்ட வேண்டும். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். எது என்று தெரிய, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்கவில்லை என்றால் பால் ஜாயின்ட் பக்கம் பாருங்கள். 9, 3 இருக்கும் இடங்களில் மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராடு எண்ட்.

4. பெடலைக் கேளுங்கள். பிரேக் பெடல் சொல்லாத விஷயமே இல்லை.

பஞ்சு மாதிரி அமுங்கினால்: லைனில் காற்று புகுந்திருக்கிறது.

மிதித்துக்கொண்டே இருக்கும்போது மெல்ல மெல்ல கீழே இறங்கினால்: மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது, அல்லது வெளியே எங்கோ லீக்.

கல் மாதிரி கெட்டியாக இருந்தால்: பூஸ்டர் வேலை செய்யவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள். கடைசியில் மிதித்தபடியே வைத்துக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் ஓகே.

பெடல் அதிர்ந்தால்: டிஸ்க் சீராக இல்லை.

ஒரு பக்கம் இழுத்தால்: ஒரு கேலிப்பர் ஜாம், அல்லது ஒரு பக்க பேடில் எண்ணெய், கிரீஸ் பட்டிருக்கிறது. இரண்டும் இல்லை என்றால் புஷ்.

'கிரீச்' என்று இரும்பு உரசும் சத்தம் வந்தால்: பேடு முழுக்கத் தேய்ந்து இரும்புத் தகடு டிஸ்க்கைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. இனி பேடு மட்டும் மாற்றினால் போதாது, டிஸ்க்குக்கும் செலவு வரும்.

பட்டறையில் என்ன செய்ய வேண்டும்?

வேலை தெரியாதவர்கள் இதை யூடியூப் பார்த்துச் செய்யக் கூடாது. ஆனால் என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு பக்கத்தில் நின்று கவனிக்கலாம். கேள்வி கேட்கலாம்.

முதலில் வண்டி சமதரையில் நிற்க வேண்டும். பின் சக்கரத்துக்கு முட்டு வைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங் அழுந்திய நிலையில் இருக்கும். அதற்கான கம்ப்ரசர் போட்டு அழுத்தாமல் மேல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து உயிருக்கே ஆபத்தாகலாம். கயிறு, கம்பி கட்டிச் சமாளிக்கும் இடத்தில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கேலிப்பரைக் கழற்றினால் அதை ஹோஸிலேயே தொங்கவிடக் கூடாது. கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும். வெளியே தெரியாது.

பேடு மாற்றும்போதே கேலிப்பரின் ஸ்லைடு பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் போட வேண்டும். இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்த்தால் ஒரு பேடு மட்டும் சீக்கிரம் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிஸ்டனின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் கேலிப்பர் கிட் மாற்ற வேண்டும்.

பேடின் கனம் 3 மில்லி மீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. டிஸ்க்குக்கும் குறைந்தபட்ச கனம் உண்டு. பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். லேத்தில் கொடுத்துச் சீவினாலும் அந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது.

பேடு, டிஸ்க், ஷாக் அப்சார்பர் மூன்றையும் எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். 'இந்தப் பக்கம் நல்லாதான் இருக்கு' என்று ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரண்டு சக்கரமும் வேறு வேறு மாதிரி பிடிக்கும்.

லோயர் ஆர்ம் புஷ் மாற்றினால், அதன் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டியது வண்டி தரையில் இறங்கி, எடை சக்கரத்தின் மேல் உட்கார்ந்த பிறகு. தொங்கும்போதே முறுக்கிவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பால் ஜாயின்ட், டை ராடு நட்டுக்குப் புது ஸ்பிளிட் பின் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது கூடாது.

கடைசியாக பிரேக்கில் ஏர் எடுக்க வேண்டும், வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். மூட்டுகளை மாற்றிவிட்டு அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயர் வீணாகும்.

ஒரு எச்சரிக்கை: பிரேக் தூசியை ஏர் கன் வைத்து ஊதக் கூடாது. பழைய பேடு, லைனர்களில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஈரத் துணியால் துடைப்பதே சரி.

பிரேக் ஆயில் குறையவே இல்லை, ஏன் மாற்றணும்?

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு வந்துவிடும். டாட் 4-ல் இது 230-லிருந்து 155 டிகிரி.

வண்டி நிறைய ஆளோடு, டிராஃபிக்கில் அடிக்கடி பிரேக் பிடிக்கும்போது கேலிப்பர் நன்றாகச் சூடேறும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும். காலை மிதித்தால் குமிழ்தான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. காலையில் நன்றாக இருந்த பெடல் மதியம் தரையைத் தொடுவதன் ரகசியம் இதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலோ வேறு எண்ணெயோ ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதி மொத்த பிரேக்கும் போய்விடும்.

ஸ்பேர் எங்கே வாங்குவது?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரேக்குக்குப் பெயர் போன ஊரே இதுதான். பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962 முதல் பாடியில் இருக்கிறது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடிதான். ரானே பிரேக் லைனிங் ஆலை அம்பத்தூர் எஸ்டேட்டில். பக்கத்து ஆவடியில் ராணுவ டாங்கியே செய்கிறார்கள். அப்படியிருந்தும் இந்தப் பகுதியில் ஓடும் பழைய வேன்களில் பெயர் தெரியாத பேடு போடப்படுவது உண்டு. காரணம் விலை.

போலி பேடு பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். சூடானால்தான் சாயம் வெளுக்கும். அதனால் பில் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். அட்டைப் பெட்டியில் எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், பார்ட் நம்பர் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினாலும் எஸ்டேட் பக்கம் வாங்கினாலும் இதே விதிதான். புதுப்பேட்டையில் பழைய கதவு, சீட், கண்ணாடி வாங்கலாம். பழைய பேடு, ஹோஸ், பால் ஜாயின்ட் வாங்காதீர்கள்.

கையில் காசு கம்மி. எதை முதலில் செய்வது?

வேன் ஓடினால்தான் வருமானம் என்பவர்களுக்கு இதுதான் உண்மையான கேள்வி. வரிசை இப்படி இருக்கட்டும்.

முதல் வரிசை, உடனே: பிரேக் ஆயில் லீக், வெடித்த ஹோஸ், கீழே இறங்கும் பெடல், ஆட்டம் கண்ட பால் ஜாயின்ட். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. இதில் ஒன்று இருந்தாலும் வண்டியைப் பட்டறைக்குக்கூட ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இரண்டாம் வரிசை, இந்த வாரம்: தேய்ந்த பேடு, ஜாம் ஆன கேலிப்பர், டை ராடு எண்ட், சத்தம் போடும் வீல் பேரிங்.

மூன்றாம் வரிசை, அடுத்த மாதத்துக்குள்: ஷாக் அப்சார்பர், ஆர்ம் புஷ். இதைத் தள்ளிப் போடலாம் என்பதற்காக மறந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. அதுவரை ஆள் ஏற்றுவதையும் வேகத்தையும் குறையுங்கள்.

எஸ்டிமேட் கேட்கும்போது ஸ்பேர் விலை தனியாக, கூலி தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சஸ்பென்ஷனும் பிரேக்கும் ஒரே நேரத்தில் செய்தால் சக்கரத்தை ஒருமுறை கழற்றினால் போதும், கூலி மிச்சம்.

எஃப்.சி. இருக்கே, போதாதா?

வாடகை, பள்ளி, சரக்கு வாகனங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி தகுதிச் சான்று கட்டாயம். வண்டிக்கு 8 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். கடைசி 2019 மாடல் ஆம்னியும் 2027-ல் இந்த வருடாந்திர வரிசைக்கு வந்துவிடும்.

ஆனால் எஃப்.சி. சொல்வது அன்றைக்கு வண்டி எப்படி இருந்தது என்பதை மட்டும்தான். மீதி 364 நாளும் தேய்மானம் நடந்துகொண்டே இருக்கும்.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு மாணவி உயிரிழந்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகே தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் வந்தன. ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் முன் அதிகாரிகள் கூட்டாக ஆய்வு செய்வதும் வழக்கமானது. ஆனால் பெற்றோர் தாங்களே பேசி அமர்த்தும் வேனுக்கு இந்தக் கூடுதல் கண்காணிப்பு கிடைப்பது கடினம். அதனால் பெற்றோர் மூன்று விஷயத்தைப் பார்க்கலாம்: மஞ்சள் நம்பர் பிளேட் இருக்கிறதா, எஃப்.சி. தேதி எப்போது முடிகிறது, தெருமுனையில் நிற்கும்போது முன்பக்கம் சத்தம் வருகிறதா. டிரைவர் அண்ணனிடம் 'பிரேக் எப்போ பாத்தீங்க?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு செக்கப் அவசியம். கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் தேங்கிய தண்ணீரில் ஓட்டினால் டிரம்முக்குள் தண்ணீர் புகும். வெளியே வந்ததும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாகச் சில முறை மிதியுங்கள். சூட்டில் ஈரம் காயும். சக்கரம் மூழ்கும் அளவு தண்ணீரில் நின்ற வண்டி என்றால் வீல் பேரிங் கிரீஸைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீருக்கு அடியில் தெரியாத பள்ளத்தில் இறங்கியிருந்தால் ஆர்ம், ஸ்ட்ரட், அலைன்மென்ட் மூன்றையும் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்து வந்ததும்?

புது பேடு முதல் நாளே முழுசாகப் பிடிக்காது. முதல் 200 கி.மீ. வரை சடன் பிரேக் அடிக்காமல், சீராக மிதித்து ஓட்டினால் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்தும். பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் நின்றபடியே பெடலைச் சில முறை மிதித்து கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் சக்கர நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ லீக்.

ஓடும்போது பிரேக் பிடிக்கவில்லை என்றால்?

பதற்றத்தில் எஞ்சினை ஆஃப் பண்ணாதீர்கள். பெடலை வேகமாக விட்டு விட்டு மிதியுங்கள். சில நேரம் கொஞ்சம் அழுத்தம் கிடைக்கும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல், பட்டனை அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஹாரன் அடித்துக்கொண்டே இடது ஓரம் வாருங்கள். வண்டி நின்ற பிறகு 'இப்ப புடிக்குது' என்று மறுபடி கிளம்பாதீர்கள். மெக்கானிக்கை அந்த இடத்துக்கே வரச் சொல்லுங்கள்.